மோட்டார் பேரிங்கைக் கேட்டுக் கேட்டு டிஎஸ்பி கற்றேன்

மைக்ரோகண்ட்ரோலர் என்ற ஒற்றைச் சிப் கணினியில் டிஎஸ்பி, அதாவது சைகைகளை (சிக்னல்களை) எண்களாக்கிக் கணக்கிடும் வேலை, படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எஃப்எஃப்டியைத்தான் முதலில் தொடுகிறார்கள். ஒரு சைகையில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு அது. லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு வரி எழுதினால் திரையில் படம் வந்துவிடுகிறது. நான் அதைக் கடைசியில்தான் தொட்டேன். அந்த வரிசையால்தான் இந்த வேலை எனக்குக் கைவந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஃபூரியே, இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் கல்லூரியில் எழுதித் தேறியவைதான். அவை கைக்கு இறங்கியது தக்கலைக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வரும் மோட்டார்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து வரும். குலசேகரம் பக்கத்து மோட்டார்களில் சீல் கசிந்து முன்பக்கப் பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். கடையின் மூத்த மெக்கானிக்கை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். "உள்ள கரகரன்னு இழுக்கு, கேக்கியா மக்கா?" என்பார். எனக்குக் கேட்டது மோட்டாரின் உறுமல் மட்டும்தான். அவர் காதுக்கு எட்டுவதை ஒரு போர்டுக்கும் எட்ட வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

போர்டு வாங்கும் முன் கணக்கைப் போட்டேன். வீட்டு மோனோபிளாக் பம்புகள் பெரும்பாலும் இரண்டு போல் (காந்தத் துருவம்) உள்ள மோட்டார்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டியவை, சுமை ஏறினால் 2880 வாக்கில் நிற்கும். அதாவது விநாடிக்கு 48 சுற்று. கழற்றிப் பார்த்த மோட்டார்களில் இருந்தது 6203 பேரிங்: உள் விட்டம் 17 மில்லிமீட்டர், வெளி விட்டம் 40, குண்டுகள் 8. குண்டின் விட்டம் 6.75, குண்டுகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 28.5. வெளி வளையத்தில் ஒரு பள்ளம் விழுந்தால், ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அந்தப் பள்ளத்தைக் குண்டுகள் சராசரியாக 3.05 முறை கடக்கும். உள் வளையத்துப் பள்ளம் என்றால் 4.95 முறை. 48 சுற்றுக்கு இது 146.5 ஹெர்ட்ஸ், 237.5 ஹெர்ட்ஸ். தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண் படம்) பார்ப்பது வெறும் வேடிக்கை.

போர்டு எஸ்டிஎம்32எஃப்411 சிப் உள்ள பிளாக் பில். 100 மெகாஹெர்ட்ஸ், 128 கிலோபைட் ரேம், ஃப்ளோட் கணக்குக்கென்று தனி வன்பொருள். இந்த வேலைக்குத் தாராளம். சென்சாருக்கு எல்லாரும் சொல்லும் எம்பியு6050 என்ற அசைவு சென்சார் சிப் ஆகாது, அதன் முடுக்கமானி விநாடிக்கு 1000 மாதிரிக்கு (அளவீட்டுக்கு) மேல் தராது. அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பித்தளைத் தகட்டுப் பீசோ போதும். தட்டினால் பல வோல்ட் பாயும் என்பதால் இரண்டு டயோடு காவலுக்கு, பிறகு சைகையைப் பெருக்கும் சிப்பான ஒரு ஆப்-ஆம்ப், சைகை 1.65 வோல்ட்டை நடுவாக வைத்து ஆடுவதற்கு இரண்டு சம ரெசிஸ்டர்கள்.

அடுத்தது மாதிரியெடுப்பு. அதிக நாள் இங்கேதான் செலவழித்தேன், அந்த நாட்கள் ஒவ்வொன்றும் பலன் தந்தன. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதியான ஏடிசியை நிரலின் லூப்புக்குள் படித்தால் மாதிரிகளுக்கு நடுவே உள்ள நேரம் சீராக இருக்காது, அந்த ஆட்டமே இரைச்சலாகத் திரும்பி வரும். டைமர்தான் ஏடிசியைத் தூண்ட வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸை 6250 ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 16 கிலோஹெர்ட்ஸ். மாதிரிகளை டிஎம்ஏ (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் வன்பொருள்) 512 இடமுள்ள பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சுற்றிச் சுற்றி நிரப்பும். பாதி நிரம்பியதும் ஓர் இன்டரப்ட் (பிராசசருக்கு அழைப்பு), முழுதும் நிரம்பியதும் இன்னொன்று. ஒரு பாதி நிரம்பும்போது மறு பாதியைக் கணக்கிட 16 மில்லிவிநாடி கிடைக்கும், அதாவது 16 லட்சம் கிளாக் சைக்கிள். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். கணக்குத் தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடியும்போது தாழ்த்தி, லாஜிக் அனலைசரில் அகலத்தைப் பார்த்தால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

ஓர் அதிர்வெண் வேறொன்றாக வேடமிட்டு வரும் அலியாசிங்கைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒரு சோதனையைச் செய்தே ஆக வேண்டும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை வைத்து, ஹெட்போன் வயர் வழியாக 15 கிலோஹெர்ட்ஸை போர்டுக்குக் கொடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் மாதிரியெடுத்தால் அது 1 கிலோஹெர்ட்ஸாக வந்து நிற்கும். உள்ளே நுழைந்த பிறகு எந்த மென்பொருளாலும் அதை அடையாளம் காண முடியாது. ஏடிசிக்கு முன்னால் 5 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் இரண்டாம் படி வடிப்பானைக் கட்டியதும் அதே சைகை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாதிரி வேகத்தின் பாதிக்கு மேலுள்ள அதிர்வெண்ணை உள்ளே விடக்கூடாது என்று பாடத்தில் ஒரு வரியாகப் படித்த நைக்விஸ்ட் விதி அன்று என் மேசையில் நடந்தது.

மென்பொருள் வடிப்பான்களுக்கு, சிப்பின் பிராசசரை வடிவமைத்த ஏஆர்எம் நிறுவனம் தரும் சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி லைப்ரரியின் பைக்வாட், அதாவது அடுக்கிக்கொள்ளக்கூடிய இரண்டாம் படி வடிப்பான். அதற்கு வேண்டிய எண்களான கெழுக்களைக் கணினியில் பைத்தான் மொழியின் சைபை லைப்ரரியில் எடுத்தேன். இங்கே இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சைபை ஒரு படிக்கு ஆறு எண் தரும். லைப்ரரி ஐந்துதான் கேட்கும், எப்போதும் 1 ஆக இருக்கும் ஏ0 வேண்டாம். ஏ1, ஏ2 இரண்டுக்கும் குறியை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் வெளியீடு வெடித்துப் பெருகும். இன்னொன்று: சிப்பின் ஃப்ளோட் வன்பொருள் ஒற்றைத் துல்லியம் மட்டுமே. 0.5 என்று எழுதினால் கம்பைலர் அதை இரட்டைத் துல்லியமாக எடுத்துக்கொண்டு மென்பொருளில் மெதுவாகக் கணக்கிடும். எண்ணுக்குப் பின்னால் எஃப் எழுத்தைச் சேர்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் எஃப்எஃப்டி. அது அதிர்வெண்களைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸில் 1024 புள்ளி எடுத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 15.6 ஹெர்ட்ஸ். தேடுவது 146.5இல். பக்கத்திலேயே 150இல் கரண்டின் மூன்றாம் ஹார்மானிக் (50இன் மூன்று மடங்கு), பீசோ வயரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒரே குவியலாகத் தெரியும். கடையில் சுமையில்லாமல் ஓட்டும்போது நிலைமை இன்னும் மோசம்: வேகம் 2980ஐ எட்டும், பேரிங் கோடு 151.6க்கு நகர்ந்துவிடும். சுமை மாற மாற அது 150ஐத் தாண்டிப் போய் வருகிறது. அதனால் வேகத்தை ஊகிக்காமல் அளக்கவே வேண்டும். பின்பக்க விசிறியில் வெள்ளை டேப் ஒட்டி, ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாரை, டேப் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் டைமரின் கேப்ச்சர் பின்னில் இணைத்தேன்.

மீதியைத் தீர்த்தது என்வலப், அதாவது அதிர்வின் வலிமை ஏறி இறங்கும் வடிவம். செண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: தோலின் ஒலி ஒன்று, விநாடிக்கு எத்தனை அடி விழுகிறது என்பது வேறொன்று. குண்டு பள்ளத்தில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டாரின் உடல் சில கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்து அடங்குகிறது. நமக்கு வேண்டியது அந்த இடிகளின் எண்ணிக்கை. ஆகவே முதலில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிப்பான். 150இல் நிற்கும் கரண்ட் இரைச்சல் இங்கேயே கழிந்துவிடும். பிறகு எதிர்க்குறியை நேர்க்குறியாக்கி, 400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டி, 16 மாதிரிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் விநாடிக்கு 1000 மாதிரி. சராசரியைக் கழித்து, பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் ஹான் சாளரம் போட்டு, அதே 1024 புள்ளி எஃப்எஃப்டி. இப்போது கட்டத்தின் அகலம் 1 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. விலை, ஒரு பதிவுக்கு ஒரு விநாடி காத்திருப்பது.

ஆசான் "வெளி வளையம் போயாச்சு" என்று ஒதுக்கிய மோட்டாரில் பீசோவை ஒட்டினேன். அளந்த வேகத்தை 3.05 ஆல் பெருக்கிய இடத்தில் கூர்மையாக ஒரு கோடு, அதன் இரட்டிப்பில் இன்னொன்று. பேரிங்கைக் கழற்றி வளையத்தைத் துடைத்தபோது பள்ளத்தை விரல் நகத்தால் உணர முடிந்தது. அவர் பல வருடமாகக் காதால் செய்துவந்த பிரித்தறிதல் எவ்வளவு நுட்பமானது என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகே எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்பது போன்ற பெரிய காற்றாலைகளின் பேரிங்குகளைக் கண்காணிக்கவும் இதே என்வலப் முறைதான் பயன்படுகிறது.

இன்னும் தீராதது எல்லைக்கோடு: எவ்வளவு உயர்ந்தால் பேரிங்கை மாற்றச் சொல்வது? பீசோவை ஒட்டும் இடமும் அழுத்தமும் மாறினால் உயரமும் மாறுகிறது. அதனால் உயரத்தை அப்படியே எடுக்காமல், சுற்றியுள்ள கட்டங்களின் இடைநிலை மதிப்பால் வகுத்து வரும் விகிதத்தை எடுக்கிறேன். கடைக்கு வரும் மோட்டார்களைப் பேரிங் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு முறை பதிவு செய்கிறோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆசான் காதால் கேட்டுச் சொன்ன தீர்ப்பும், கழற்றிய பிறகு வளையத்தில் கண்டதும் எழுதப்படுகின்றன. நான்கு போல் உள்ள கம்ப்ரசர் மோட்டார்களையும் சேர்த்துக்கொண்டோம். அவற்றின் வேகம் 1440 வாக்கில், 6203 பேரிங் இருந்தால் தேட வேண்டிய இடம் 73 ஹெர்ட்ஸ்.