முதலில் ரிப்போர்ட் வாங்கி வாங்க

"முதலில் தனியார் சைக்காலஜிஸ்ட்டிடம் ரிப்போர்ட் வாங்கி வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், வாசிக்க எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு உதவி கேட்டுப் போன எத்தனையோ பெற்றோர் பள்ளியில் இதைக் கேட்டுவிட்டு வாயடைத்துத் திரும்பியிருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். அந்த ரிப்போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கான ராண்ட் ஆகும். கையில் பணம் இல்லாதவர்கள் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகப் போகிறது.

ரிப்போர்ட் இல்லாமலே பள்ளி உதவியைத் தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு 2014இல் கொண்டுவந்த எஸ்.ஐ.ஏ.எஸ். கொள்கையின், அதாவது படிப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தரும் கொள்கையின் அடிப்படையே அதுதான். பிள்ளையின் குறைக்கு என்ன பெயர் என்று அது முதலில் கேட்பதில்லை, வகுப்பில் என்ன உதவி தேவை என்று கேட்கிறது. வகுப்பு ஆசிரியர் எஸ்.என்.ஏ. 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, இதுவரை வகுப்பில் என்னென்ன செய்து பார்த்தோம் என்று அதில் எழுத வேண்டும். பெற்றோரையும் கலந்து பேச வேண்டும். அது போதவில்லை என்றால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2 எடுத்து, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் எழுதும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மாவட்டக் குழு, எஸ்.என்.ஏ. 3. முதல் படிவமே எழுதவில்லை என்றால் பிள்ளை படும் பாடு காகிதத்திலேயே ஏறாது. அப்புறம் மாவட்டத்தில் யாரிடம் போய் எதைக் காட்டுவது?

என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. மழை எப்படி வருகிறது என்று கேட்டால் கடலில் தொடங்கி மேகம் வரை கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். அதையே எழுதச் சொன்னால் மூன்று வார்த்தை வரும். அவனுடைய இங்கிலீஷ் நோட்டில் ஒரு பக்கம். ஒரே வார்த்தையை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருக்கிறான். ரப்பர் தேய்ந்த இடத்தில் தாள் கிழிந்து அடுத்த பக்கம் தெரிகிறது. கீழே சிவப்பு மையில், "கவனமாக எழுது." கவனம் இல்லாத பிள்ளையா தாள் கிழியும் வரை உட்கார்ந்து எழுதுவான்?

அந்த நோட்டை மீட்டிங்குக்கு எடுத்துப்போனேன். கண், காது பரிசோதனையை ஆர்.கே.கான் மருத்துவமனையில் முன்பே முடித்திருந்தோம், அந்தச் சீட்டும் கையில் இருந்தது. ரிப்போர்ட் பேச்சுக்கு அடுத்ததாக வகுப்பு ஆசிரியையிடமிருந்து வந்த யோசனை, "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பையன் குழம்புகிறான்" என்பது.

நான் வாய் திறக்கும் முன் என் கணவர் பேசினார். அவர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். அவர் தாத்தா காலத்தில் இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்காக வீட்டில் தமிழை விட்டார்கள். இன்று என் மாமியார் தேவாரம் பாடுவார், ஆனால் என் அம்மாவிடம் போனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் தமிழில் பேச அவருக்கு வராது. "மேடம், சனிக்கிழமை தமிழ் வகுப்பிலும் அவனுக்கு இதே சிக்கல்தான். 'ப' எழுத்துக்கும் 'ம' எழுத்துக்கும் தடுமாறுகிறான். ஆனால் காவடிப் பாட்டைக் காதால் கேட்டே முழுசாகப் பாடுகிறான். தமிழை நிறுத்தினால் வாசிப்பு எப்படி வரும்?" என்று கேட்டார். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் வருவதில்லை. இந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 6ஆம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லியே மதிக்கச் சொல்கிறது. என் அம்மாவோடு பிள்ளை பேசும் ஒரே மொழியை விடச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒருத்தர் பார்க்கிறார். எஸ்.என்.ஏ. 1 நிரப்பித் தாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. யாராவது கேட்கமாட்டார்களா என்று அவரும் காத்திருந்தது போல இருந்தது. அன்று மாலையே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: என்ன பேசினோம், யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள். சண்டை போடும் தொனி வேண்டாம், நன்றி சொல்லியே எழுதலாம். ஆனால் எழுதியே ஆக வேண்டும். வாயால் சொன்னது அடுத்த பருவத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொன்று. "அதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றும் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒருமுறைதான் பிள்ளையை நிறுத்திவைக்க முடியும். சரி, நிறுத்துகிறீர்கள், அந்த வருஷத்தில் புதிதாக என்ன உதவி செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்களுக்குத் திட்டம் எழுதிக் கிடைத்தது. தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டுகிறார்கள், கூடுதல் நேரம் தருகிறார்கள், சில பதில்களை வாயால் சொல்ல விடுகிறார்கள். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் பள்ளி நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்வதை விட்டுவிட்டான்.

இப்போது நான்காம் வகுப்பு. நான்காக இருந்த பாடம் ஆறாகிவிட்டது, எல்லாவற்றிலும் வாசிக்க நிறைய இருக்கிறது. திட்டத்தை மறுபடி பார்க்கும் கூட்டம் அடுத்த பருவத்தில் வருகிறது. ஜூலு மொழிப் பாடத்துக்கும் கேள்வியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று இந்தமுறை கேட்கப்போகிறேன். இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் மட்டும்தான் இதுவரை தருகிறார்கள்.