பூட்டிய கதவும் பழைய துண்டறிக்கையும்

குடியை விட்டு ஐந்து ஆண்டுகள் கடந்த பின் குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் எங்கள் ஊர்க் குழுவில், பொதுத் தகவல் பணியில் சேர்ந்தேன். மருத்துவமனையிலும் கல்லூரியிலும் நின்று, கேட்பவர் மனம் கரையப் பேசுவதுதான் அந்தப் பணி என்று அப்போது எண்ணியிருந்தேன்.

முதலில் போன மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில், எங்கள் துண்டறிக்கை ஒன்று வெளுத்து, ஓரம் சுருண்டு, அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த இடத்தையும் நேரத்தையும் குழு எப்போதோ மாற்றிவிட்டது. "போன மாசம் ஒருத்தர் இதைப் பார்த்துட்டு அங்க போயிருக்கார் சார். கதவு பூட்டியிருந்துச்சாம். அப்புறம் அவர் இந்தப் பக்கமே வரலை" என்றார் அங்கிருந்த செவிலியர்.

குடிநோயாளி ஒருவர் தானாக உதவி தேடிக் கிளம்பும் மாலை எத்தனை அரிதானது என்பது எனக்குத் தெரியும்; நானே கூட்ட அறையின் வாசல் வரை மூன்று முறை போய்த் திரும்பியவன். அப்படிப்பட்ட ஒரு மாலையை எங்கள் கவனக்குறைவு பறித்துவிட்டது.

1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஏ.ஏ. பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது ஏறத்தாழ 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆயிற்று. அந்த வளர்ச்சிக்குக் கட்டுரை மட்டுமே காரணமன்று என்பது என் எண்ணம். ஏ.ஏ.வின் நியூயார்க் அலுவலகத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிய கைகளுக்கும் அதில் பங்குண்டு.

ஏ.ஏ. குழுக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும், 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் பதினோராவது, எங்கள் பொதுத் தொடர்பு விளம்பரத்தை அல்ல, ஈர்ப்பையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் தம் அடையாளத்தை வெளியிடலாகாது என்றும் கூறுகிறது. இங்கே என் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம். ஆகவே மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நாங்கள் அடக்கமாகவே பேசுகிறோம்: நாங்கள் சிகிச்சை அளிப்பதில்லை, கட்டணம் வாங்குவதில்லை, வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை, மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்துச் சொல்வதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதுமானது. ஒரு மருத்துவர் நல்ல மனத்தோடு நீட்டிய பணத்தை மறுத்தபோது அவர் முகம் சற்று வாடியது. காரணத்தை விளக்கியதும், அதுவரை கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்கத் தொடங்கினார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்துகிறோம். அச்சிட்டிருக்கும் எண்ணை அந்த இடத்திலிருந்தே அழைத்து, மறுமுனையில் யாரேனும் எடுக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்கிறோம். திரும்பிப் போன அந்த மனிதர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எனினும் அதன் பின் ஓராண்டு முழுவதும், பழைய அறையின் பூட்டிய கதவருகே, பழைய துண்டறிக்கையில் இருந்த அதே நேரத்தில், எங்களில் ஒருவர் முறை வைத்துக் காத்து நின்றோம்.