கூரையில்லாக் கோயிலும் பி.ஓ.எல். வகுப்பும்

நமது சங்கக் கூட்டங்களில் யாராவது "அது வெறும் ஊகம்தானே" என்று உதட்டைப் பிதுக்கினால் எனக்கு இன்றும் பொறுக்காது. பினாங்கில் எங்களுக்கு பி.ஓ.எல். (ஆங்கில, மலாய்ப் பள்ளிகளில் தனியாக நடக்கும் தாய்மொழி) வகுப்பெடுத்த தமிழாசிரியரிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம் அது.

கடல்மேல் பாலம் வராத காலம். பெர்ரியில் பட்டர்வொர்த் போய், பஸ் ஏறி, கெடாவின் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக்கில் இறங்கினோம். அங்கே இடிந்து கிடந்த பழைய புக்கிட் பத்து பாஹாட் கோயிலை 1960 வாக்கில் ஆய்வாளர் அலஸ்டேர் லாம்ப் குழுவினர் மறுபடி அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். கருங்கல் அடித்தளம் உண்டு. மேலே கூரை இல்லை. "கடாரம் (இந்தக் கெடாதான்) கொண்ட ராஜேந்திர சோழன் கட்டியது, ஐயா!" என்று நாங்கள் கூவினோம்.

"படையெடுப்பு 1025 வாக்கில். மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. இதைக் கட்டியவனும் அவனே என்று எந்தக் கல் சொல்கிறது, தம்பி?"

பிறகு குனிந்து, தூண் நின்ற கற்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். விரலுக்குக் குழி தட்டுப்பட்டது. கல்தூண் நின்றிருந்தால் உடைந்த துண்டாவது கிடைத்திருக்குமே என்றார். ஆகவே மரத்தூண், நம்மூர் மழைக்கு மரம் எத்தனை நாள் தாங்கும்? மரத்தூணென்றால் மேலே கற்பாரம் ஏறியிருக்காது. கண்டவர் எவரும் மிஞ்சாத காலத்தை வேறெப்படித்தான் அணுகுவது? ஆனால் "இது சரியானால் வேறென்ன அகப்பட வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஊகத்தை அவர் வகுப்பில் எடுக்கவே முடியாது. (தமிழ் மொழிக் கழகப் பட்டிமன்றத்தில் இந்தப் பழக்கத்தால் எனக்குக் கைதட்டல் கிடைத்ததில்லை.)

பின்னர் கோலாலம்பூரில் நிலவியல் படித்தேன். 1980இல் லூயிஸ் அல்வாரெஸும் மகன் வால்ட்டரும் அவர்கள் குழுவினரும் ஓர் ஊகத்தை வெளியிட்டார்கள். இத்தாலியில், டைனோசர்கள் அழிந்த காலத்து மெல்லிய களிமண் அடுக்கொன்றில் அளவுக்கு மீறிய இரிடியம் இருந்தது. அது நிலத்தில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள உலோகம். ஆகவே சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் மோதியதில் டைனோசர்கள் அழிந்தன என்றார்கள். "அப்படியானால் பள்ளம் எங்கே?" என்று மற்றவர்கள் மடக்கினார்கள். எங்கள் ஆசிரியரின் கேள்வியேதான்! 1991இல் மெக்சிகோவின் யூகடான் கரையில், மண்ணுக்கடியில் புதைந்த சிக்சுலூப் பள்ளம்தான் அது என்று அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலம்.

தக்காண எரிமலைகளுக்கும் அந்த அழிவில் பங்குண்டு என்பவர்கள் இன்னும் விட்டபாடில்லை. அந்த எரிமலைக் குழம்பு பாய்ந்த காலமும் ஏறக்குறைய அதேதான். எத்தனை பங்கு என்ற வழக்கில் நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.