பிளாஸ்மா இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு: வேக அயனிகளை இப்படிப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. குஜராத்தின் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.எச்டி. இடம் கிடைத்திருக்கிறது. தக்கலையில் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல கூடங்குளத்துலயே கிடைக்காதா மக்ளே?" அங்கே யுரேனியத்தைப் பிளக்கிறார்கள், நான் ஹைட்ரஜனை இணைக்கும் பக்கம் போகிறேன் என்று விளக்கியதும் நல்ல பயிற்சிதான்.

ஜெஸ்ட் (இயற்பியல் பி.எச்டி.க்கான பொது நுழைவுத் தேர்வு) எழுத்துத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்கள் போதும். இன்டர்வியூதான் விஷயம்.

பிடித்த தலைப்பு கேட்டார்கள். டோகாமாக்கில் வேக அயனிகளை அளப்பது என்றேன். டோகாமாக் என்பது மிகச் சூடான மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் வளைய வடிவ இயந்திரம்; அதில் மற்றவற்றைவிட மிக வேகமாக ஓடும் மின்னேற்ற அணுக்களே வேக அயனிகள். இதற்குக் கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் எந்த அயனி தெரியும், எது தெரியாது என்று பாருங்கள். ஒரு வரைபடம் போடுங்கள்: ஓர் அச்சில் ஆற்றல், மறு அச்சில் காந்தப்புலத்தோடு அயனி ஓடும் கோணம். கருவி பார்க்கும் பகுதியைப் பென்சிலால் தீட்டுங்கள். என்னைத் தேர்வாக்கியது இந்தப் படம்தான்.

உதாரணம் ஃபிடா, வேக அயனிகள் உமிழும் ஒளியை அளக்கும் முறை. பிளாஸ்மாவுக்குள் செலுத்தும் பீமில் வரும் நடுநிலை அணுவிடமிருந்து வேக அயனி எலக்ட்ரானைப் பறித்து, தானும் அணுவாகி, டி-ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளியை உமிழும். அசையாத டியூட்டீரியத்துக்கு (கன ஹைட்ரஜன்) அதன் அலைநீளம் 656.1 நானோமீட்டர். 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அயனி வினாடிக்குச் சுமார் 2,400 கி.மீ. ஓடும், நேரே நம்மை நோக்கி வந்தால் டாப்ளர் விலகல் (ஓட்டத்தால் அலைநீளம் மாறுவது) 5 நானோமீட்டருக்குச் சற்று அதிகம். சரி, 3 நானோமீட்டர் விலகல் தெரிந்தால்? நேரே வரும் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அயனியாகவும் இருக்கலாம், சாய்வாக ஓடும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அயனியாகவும் இருக்கலாம். பார்வைக்கோட்டின் வழியே உள்ள வேகம் மட்டும்தானே தெரிகிறது! ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோகாமாக்கில் பல கோணங்களிலிருந்து அளந்து, டோமோகிராஃபி (பல அளவீடுகளிலிருந்து முழுப் படத்தைக் கட்டும் முறை) மூலம் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். இந்தக் கணக்கைப் போர்டில் போட்டபின் கேள்விகள் உரையாடலாகவே மாறிவிட்டன.

"ஏன் அளக்க வேண்டும்?" நிச்சயம் வரும். டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இன்னும் கனமான ஹைட்ரஜன்) இணையும்போது 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் வெளியே போய்விடும். பிளாஸ்மாவைச் சூடாக வைக்க வேண்டியது கூடவே பிறக்கும் 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகள் (ஹீலியம் அணுக்கரு); அதுவும் ஒரு வேக அயனிதான். பிளாஸ்மாவில் எழும் ஆல்ஃப்வென் அலைகள் அதை முன்பே வெளியே தள்ளினால் சூடும் போச்சு, சுவருக்கும் சேதம்.

அப்புறம்:
- வேக அயனிகளை அளக்கும் மற்ற முறைகளான நியூட்ரான் நிறமாலை, காமா நிறமாலை, கூட்டுத் தாம்சன் சிதறல்: மூன்றுக்கும் அதே படம்.
- காந்திநகர் நிறுவனத்தின் டோகாமாக்குகளான ஆதித்யா, எஸ்.எஸ்.டி-1 பற்றிய அடிப்படை விவரங்கள்.
- டாப்ளர் கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.
- கடிதம் வந்த அன்றே ரயில் டிக்கெட் எடுங்கள். நாகர்கோவில்–காந்திதாம் வண்டி வாரம் ஒருமுறைதான்.