நீங்க எந்தப் பக்கமுங்க சார்?

அந்த மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலிலும் குறை காண முடியாது. அப்புறம் ஏன் அது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது?

எம்.எஸ்சி. செமினாருக்கு அவன் எடுத்துக்கொண்டது, ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்று தரும் முப்பரிமாண வெளி. அதில் 2,875 நேர்க்கோடுகள் இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். இருபடி வளைவுகள் 6,09,250 என்று 1986இல் ஷெல்டன் காட்ஸ் கண்டார். முப்படிக்கு வந்தபோதுதான் தகராறு. காண்டெலாஸ் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும், துகள்களைச் சின்னஞ்சிறு இழைகளாகக் கருதும் சரக்கோட்பாட்டின் மிர்ரர் சிமெட்ரியை வைத்து (ஒரு வெளியில் கடினமான எண்ணிக்கையை அதன் ஜோடி வெளியில் எளிய கணக்காக்கும், அப்போது நிரூபணமில்லாத யோசனை) 31,72,06,375 என்றார்கள். எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோம்மெ என்ற நார்வே கணிதர்கள் கணினியில் போட்டதில் வந்தது 2,68,25,49,425. கொஞ்சநஞ்ச வித்தியாசமா! 1991இல் பிழை அவர்கள் நிரலில் அகப்பட்டது. திருத்தியதும் இயற்பியலாளர்களின் எண்ணே வந்தது.

பையன் இரண்டையும் போர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலே உள்ளதைச் சுற்றி வட்டம் போட்டான். சோமனூர்ப் பக்கம், வீட்டில் விசைத்தறி.

"ஏனுங்க சார், இழை அறுந்தா துணியே காட்டிக் குடுத்துருமுங்க. நிரூபணம் இல்லாதவங்கதானுங்க ஜெயிச்சாங்க?"

"ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரிஞ்சது தம்பி? இவங்க நிரலைத் திருத்துனதாலதான?"

எல்லோரும் சிரித்தார்கள். சரிதானே? ஒத்துப்பார்க்க இந்தப் பக்கக் கணக்கு இல்லையென்றால் அந்த எண் வெறும் நம்பிக்கை. அதற்கு கிவென்டால் என்ற கணிதரின் நிரூபணம் 1996இல்தான் வந்தது. ஆனால் நிரலை மறுபடி பார்க்க வைத்ததே அந்த எண்தான். அதை நான் சொல்லவில்லை. செமினாரில் எல்லாவற்றையுமா சொல்ல முடியும்?

அவன் அதோடு விட்டானா? "அப்ப நீங்க இருந்திருந்தா எந்தப் பக்கமுங்க சார்?"

"நிரூபணம் வர்ற வரைக்கும் எந்தப் பக்கமும் இல்ல."

இந்த இடம்தான். காண்டெலாஸின் ஒரே சூத்திரத்திலிருந்து 2,875உம் 6,09,250உம் அப்படியே வந்து விழுகின்றன. மூன்றாவது மட்டும் தப்பிவிடுமா என்று முதலில் படித்தபோது எனக்கே பட்டது. உள்ளூர ஒரு பக்கம் சாய்வது வேறு, வகுப்பில் நின்று சொல்வது வேறு. வாத்தியாரே அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் பாதிப்பேர் நிரூபணத்தைத் தாண்டிக்கொண்டு விடையோடு வந்து நிற்பார்கள். இது என் வாதம். பாதி நாள் எனக்கே போதுமானதாக இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்தில் அவன் நிரூபணம் எழுதும் ஒழுங்கைத்தான் புகழ்ந்தேன். கணிதத்துறையிலிருந்து எழுதுபவன் வேறெதைப் புகழ்வது? அவன் விண்ணப்பித்தது இயற்பியலுக்கு.