பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் பழக்கமும் சிங்கப்பூர் ஹாஸ்டல் கட்டிலும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் தங்கிப் பழகியவர்களுக்குச் சில விஷயங்கள் கேட்காமலே தெரியும். ரூமைப் பார்த்த பிறகுதான் வாடகை பேசுவது. பல இடங்களில் சாவி வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. பாத்ரூமில் பக்கெட்டும் மக்கும் இருக்கும், விடிகாலையில் வெந்நீர் வரும். எஸ் பாஸ், ஈ.பி. என்ற வேலை அனுமதிகளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாடகை ரூம் அமையும் வரை முதல் ஒன்றிரண்டு வாரம் மலிவு ஹாஸ்டலில், அதாவது ரூமைப் பலரோடு பகிர்ந்து ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கும் விடுதியில், தங்குவது வழக்கம். நம்ம லாட்ஜ் பழக்கம் எதுவும் அங்கே செல்லாது.

முதல் அடி நேரத்தில் விழுகிறது. நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குப் பெங்களூரு விமான நிலையம்தான் தோது. இரவு பதினொரு மணிவாக்கில் ஏறினால் நாலரை மணி நேரப் பயணம், அதோடு இரண்டரை மணி நேர வித்தியாசம். விடிகாலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால் ஹாஸ்டலில் கட்டில் கிடைப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். காலி செய்வது காலை 11 மணிக்கு. இடையில் எவ்வளவு நேரம் தங்கினீர்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எனவே புக் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி: காலையில் வந்தால் பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்க விடுவீர்களா? சரி என்று எழுதித் தரும் இடத்துக்கு இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. இரவு முழுக்கத் தூங்காமல் 30 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு எட்டு மணி நேரம் சுற்றுவது சாதாரண வேலையில்லை.

அடுத்தது விலை. பொதுவாக, பகிர்ந்து தங்கும் ரூமில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவுக்கு 25 முதல் 40 வெள்ளி வரை ஆகும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். நூறு வெள்ளி என்று போட்டது கையில் 119.90 ஆகிவிடும். டெபாசிட்டுக்குக் கார்டு கேட்பார்கள். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நம்ம கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும். இதை ஊரிலேயே செய்யுங்கள். அங்கே போனபின் ஓ.டி.பி. வர வேண்டிய சிம்முக்கு ரோமிங் இல்லாமல் கவுண்டரில் நின்று முழிப்பவர்கள் நிறைய. டெபிட் கார்டில் பிடித்து வைக்கும் டெபாசிட் திரும்பி வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்பதால் கையில் கொஞ்சம் வெள்ளி நோட்டும் இருக்கட்டும்.

தனி ரூம் மலிவாகத் தெரிந்தால் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். ஜன்னலே இல்லாத ரூம் அங்கே சகஜம். ஏ.சி.யை நிறுத்தினால் சுவரில் ஈரம் பிடித்துப் பூஞ்சை வாடை வரும். லிட்டில் இந்தியாவில் டன்லப் தெரு, சையத் ஆல்வி ரோட்டுப் பக்கம் ஹாஸ்டல்கள் உண்டு. தேக்கா மார்க்கெட், முஸ்தபா கடை, எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) எல்லாம் நடை தூரம். ஞாயிறு மாலை அந்தப் பகுதியில் கூட்டம் நெரியும், அன்று பெட்டியோடு போய் இறங்காதீர்கள். சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 வரை அங்கே பொது இடத்தில் குடிப்பதும் குற்றம். கேலாங் என்ற பகுதியில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். மணிக்கணக்கில் ரூம் விடும் இடங்கள் அங்கே அதிகம் என்பதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

இனி கட்டில். கேட்டால் கீழ்க்கட்டில் கேளுங்கள், மேல்கட்டிலில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும். பையை மெத்தை மேல் வைக்கும் முன் தலைமாட்டு மூலையில் விரிப்பைத் தூக்கி, மெத்தைத் தையலை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மைப் புள்ளி போலக் கறுப்பாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. சத்தம் போடாமல் போட்டோ எடுத்துக் கவுண்டரில் காட்டினால் பெரும்பாலும் வேறு ரூம் கொடுத்துவிடுவார்கள். துணியில் ஏறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் வெறும் அலசல் போதாது. 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

லாக்கருக்குப் பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டுக் கதவுப் பூட்டு உதவாது; லாக்கர் வளையத்தின் ஓட்டை சிறிது, அதன் கம்பி நுழையாது. நாலைந்து மில்லிமீட்டர் கம்பியுள்ள சூட்கேஸ் பூட்டு வாங்குங்கள். பெரிய பெட்டி லாக்கருக்குள் போகாது. பாஸ்போர்ட், ஐ.பி.ஏ. கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்), சான்றிதழ்கள், லேப்டாப் இவற்றுக்கென்று தனிப் பை இருந்தால் அதை மட்டும் பூட்டலாம். பிளக் பாயிண்ட் மூன்று சதுர முள் வகை. நம்ம ஊர் உருண்டை முள் நுழையாது. எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி ஏமாற்றும் வேலை வேண்டாம். முஸ்தபாவில் அடாப்டர் கிடைக்கும்.

பாத்ரூம் பொது. பக்கெட், மக் கிடையாது. சில கழிவறைகளில் டாய்லெட் பேப்பர் மட்டும் இருக்கும். ஒரு லிட்டர் காலி பாட்டில் ஒன்று கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பும் ஈரிழைத் துண்டும் கட்டாயம், ஏனென்றால் டவலுக்குத் தனிக் காசு கேட்கும் இடம் உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசு விடாதீர்கள்.

சமையலுக்கு அங்கே இருப்பது கெட்டிலும் மைக்ரோவேவும்தான். கடுகு தாளித்தால் புகை அலாரம் அடிக்கும், ஊதுபத்திக்கும் அதே கதி. களி கிண்டும் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, வறுத்து அரைத்த ராகி மாவு கொண்டுபோனால் கெட்டில் தண்ணீரில் கரைத்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்துக் குடிக்கலாம். பாதியில் ஒருமுறை எடுத்துக் கலக்காவிட்டால் பொங்கி வழியும். மசாலா டப்பாவில் கசகசா இருக்கக் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஹான்ஸ், சூயிங்கம், இ-சிகரெட் எல்லாம் அப்படியே.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் "காண்டோவில் ஒரு வாரத்துக்கு ரூம்" விளம்பரம். காண்டோ என்றால் தனியார் அடுக்குமாடி வீடு. தனியார் வீட்டை மூன்று மாதத்துக்கும், எச்.டி.பி. என்ற அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அட்வான்ஸ் போனால் புகார் கொடுக்கவும் முகம் இருக்காது. ஹாஸ்டலை ஏழு இரவுக்கு மட்டும் புக் செய்யுங்கள். ரூம் அமையாவிட்டால் ஐந்தாம் நாளே கவுண்டரில் நீட்டிக்கக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமைக்கு விலை ஏறும், அதே கட்டில் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ரூம் பார்க்கப் போகும்போது சமைக்க விடுவார்களா, வாஷிங் மெஷின் வாரத்துக்கு எத்தனை முறை, ஏ.சி.க்கு நேரக் கட்டுப்பாடு உண்டா என்ற மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.