நானோஆம்பியர் கசியும் இடங்கள்

குளுக்கோஸ் சென்சாருக்கு சர்க்யூட் போட வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த ஆப்-ஆம்ப் (சிறிய சிக்னலைப் பெருக்கும் சிப்) நல்லது என்றுதான். டேட்டாஷீட்டைப் புரட்டினால் அதற்கு விடை கிடைத்துவிடும். எல்எம்பி7721 என்ற ஆப்-ஆம்பின் உள்ளீட்டு பயாஸ் மின்னோட்டம், அதாவது உள்ளீட்டு முனையில் சிப்பே கசியவிடுவது, 25 டிகிரியில் அதிகபட்சம் 20 ஃபெம்டோஆம்பியர் (ஒரு நானோஆம்பியரில் பத்து லட்சம் ஃபெம்டோஆம்பியர்). ஆனால் சிப்பைச் சுற்றியுள்ள போர்டு கசியவிடுவது அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

தோலுக்கடியில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பிளாட்டினம் மின்வாயை, ரெஃபரன்ஸ் எனப்படும் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்வாயைவிட சுமார் 0.6 வோல்ட் மேலே வைத்தால், அந்தப் பெராக்சைடிலிருந்து சில நானோஆம்பியர் கிடைக்கும். ஆப்-ஆம்பின் பின்னூட்டத்தில் 100 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 நானோஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட். அதோடு இணையாக 10 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர், சி0ஜி என்ற செராமிக் வகை. எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகை வேண்டாம், போர்டைத் தட்டினாலே அதில் மின்னழுத்தம் துள்ளும்.

இப்போது அந்த உள்ளீட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் 3.3 வோல்ட் தடம் ஓடுகிறது என்று வையுங்கள். இடையில் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) படிந்து தடை 10 கிகாஓமாக இறங்கினால், உள்ளீடு 0 வோல்ட்டில் இருக்கும்போது 330 பிக்கோஆம்பியர் (0.33 நானோஆம்பியர்) கசியும். மழை நாளில் இன்னும் கூடும். நோயாளியின் சர்க்கரை அளவு தவறாகத் தெரிவதற்கு இது போதும். "நோ-கிளீன்" (கழுவத் தேவையில்லை) என்று ஃப்ளக்ஸ் டப்பாவில் எழுதியிருப்பதை இந்த வேலையில் நம்பக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, புதிய ஆல்கஹாலில் இன்னொரு முறை அலசி, அயனி நீக்கிய நீரில் கழுவி, 60–70 டிகிரி அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள். அதன்பின் வெறுங்கை படக் கூடாது.

கசிவைத் தடுக்க உள்ளீட்டைச் சுற்றி ஓட்டும் செம்பு வளையமான கார்டு ரிங்கை எல்லோரும் போடுகிறார்கள், பலர் தவறான மின்னழுத்தத்தில். ஒற்றை பேட்டரி சர்க்யூட்டில் பிளாட்டினம் மின்வாய் பெரும்பாலும் 1.5 வோல்ட் அளவில் நிற்கும். பழக்க தோஷத்தில் ரிங்கை கிரவுண்டில் இணைத்தால், அந்த 1.5 வோல்ட் வித்தியாசமே கசிவை இழுக்கும். காவலுக்கு வைத்ததே திருடும். உள்ளீடு நிற்கும் அதே மின்னழுத்தத்தில்தான் ரிங்கும் இருக்க வேண்டும், அதன்மேல் சால்டர் மாஸ்க் (போர்டின் மேல் பூச்சு) இருக்கக் கூடாது. திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து பாதுகாக்க மின்வாய் முனையில் வைக்கும் டிவிஎஸ் டையோடையும் பாருங்கள். அதன் கசிவு, சுமார் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகும்.

சென்சாரை மாட்டுமுன், அதன் இடத்தில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துச் சோதிக்கும் டம்மி செல் கட்டாயம். கவுண்டருக்கும் (சென்சாருக்கு மின்னோட்டம் தரும் மூன்றாவது மின்வாய்) ரெஃபரன்ஸுக்கும் நடுவே 1 கிலோஓம். ரெஃபரன்ஸுக்கும் பிளாட்டினம் முனைக்கும் நடுவே 100 மெகாஓம், அதற்கு இணையாக 100 நானோஃபாரட். 0.6 வோல்ட்டில் 6 நானோஆம்பியர் வர வேண்டும். இங்கே பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். செராமிக் என்றால் அதன் கசிவும் கணக்கில் சேர்ந்துவிடும். மல்ட்டிமீட்டரோடு நிறுத்தாதீர்கள். கவுண்டரை ஓட்டும் ஆப்-ஆம்ப் ஆஸிலேட் ஆனாலும் (தானாக அலைபாய்ந்தாலும்) மீட்டரில் சராசரி சரியாகவே தெரியும், ஆஸிலோஸ்கோப்பில்தான் பிடிபடும்.

அளவீட்டை 100 மில்லிசெகண்ட் சராசரியாக எடுத்தால் 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டின் இரைச்சலும் அடங்கும். புளூடூத் அனுப்பும் நேரத்தில் அளக்காதீர்கள். காயின் செல்லின் மின்னழுத்தம் அப்போது சரியும்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க 0.6 வோல்ட்டை அணைத்து அணைத்துப் போடுவதும் வேண்டாம். மறுபடி நிலைப்பட நிமிடங்கள், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். 20 மைக்ரோஆம்பியர் தொடர்ந்து எடுத்தாலும் 14 நாளுக்கு 7 மில்லிஆம்பியர்-மணிகூட ஆகாது. சிஆர்2032 காயின் செல்லில் இருப்பது சுமார் 220.